வாயிலும் வழக்கறிஞரும்

மருதத்திணைபற்றி எழுந்த ஆராய்ச்சிகள் பல. பரத்தையிற் பிரிவு, ஊடல், ஊடல் தீர்தல் ஆகியவைபற்றி அறிஞர் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், ஊடிய இருவர்க்கும் இடையே நின்று பேசும் வாயில்களைப்பற்றித் தனியே எண்ணிப் பார்த்தோர் சிலரே. எண்ணியவரும் வாயிலை அகநாடகத்தின் ஓர் உறுப்பாகக் கொண்டனரேயன்றி, கடமையும் வரம்பும் உடைய ஒரு நிலையாகக் கொண்டாரிலர். ஒருவர்க்காக மற்றொருவர் பேசுங்கால், அப்பேச்சு யாருடையது? பேசுவோர் தம்மை அனுப்பியவரின் சொல்லை மட்டும் சுமப்பவரா? அன்றித் தமக்கென ஒரு கருத்தும் உடையவரா? இவ்வினாக்களைப் பழம்பாடல்களின்முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் தமிழாசிரியர் அல்லர். என்பால் முதுகலை பயின்று, பின்னர்ச் சட்டம் கற்று, இன்று குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞராக விளங்கும் ஒரு மாணவி அவர். சென்ற ஆண்டு ஒரு நாள் துறைக்கு வந்திருந்தபோது, பேச்சினிடையே, “ஐயா, தோழி என்பவள் தலைவியின் நிழல் என்று எங்களுக்குக் கற்பித்தீர்கள். நிழலாக இருந்தால் எங்கள் தொழிலில் ஒரு நாள்கூட நிற்க முடியாது” என்றார். நான் கற்பித்தது உண்மை. இருபது ஆண்டாக வகுப்பறையில் அவ்வாறே கூறிவருகின்றேன். அன்று மாலை தொல்காப்பியக் கற்பியலை மீண்டும் எடுத்துப் படித்தபின், அக்கூற்று பாதி மெய்யே என்னும் முடிவிற்கு வந்தேன்.

தொல்காப்பியர் வாயிலாவார் பன்னிருவர் என வரையறுக்கின்றார். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்போர் அவர். இவருள் தோழி தலைவியின் பக்கத்தவள். பாணன் பெரும்பாலும் தலைவன் பக்கத்தவன். பாணனைப் பொய்யன் என்றும் தோழியைக் கொடியள் என்றும் எதிர்ப்பக்கத்தார் பழித்துரைக்கும் இடங்கள் மருதப் பாடல்களிற் பல. இன்று நீதிமன்ற வளாகத்தில் எதிர்க்கட்சி வழக்கறிஞரைப் பற்றி மக்கள் கூறும் மொழியும் இதனின் வேறன்று. அறிவர் என்பவரோ இரு பக்கத்திலும் சேராதவர். கணவனும் மனைவியும் தம் சொல்வழி நிற்பவர் ஆதலின், இருவரையும் இடித்துரைத்து வரம்பில் நிறுத்தும் உரிமை அவர்க்கு உண்டு என்பது நூல். பக்கம் சார்ந்து பேசுவோர்க்கு இவ்வுரிமை கூறப்படாமை நோக்கத்தக்கது.

வாயில்களின் பேச்சிற்குத் தொல்காப்பியர் சில வரம்புகள் வகுத்துள்ளார். எல்லா வாயில்களின் கூற்றும் கணவன் மனைவி இருவரிடத்தும் பொருந்திய மகிழ்ச்சியையே பொருளாக உடையன என்பது முதலாவது. மனைவியின்முன் கணவனது கொடுமையை வாயில்கள் தம் சொல்லாகக் கூறுதல் இல்லை என்பது மற்றொன்று. ஆயின், மனைவிக்கு உறுதி பயக்குமாயின் அவள்முன் கையற்ற சொற்களைக் கூறுதலும் உண்டு என அடுத்துக் கூறுகின்றார். அன்பு நீங்கிய சொல் தோன்றுமாயின், அது சிறைப்புறத்தே நிற்பான் கேட்டற்பொருட்டுக் கூறியதேயன்றி உண்மையில் அன்பின்மையால் எழுந்ததன்று என்பதும் அவர் கருத்து.

இவ்விதிகளை ஒருங்கு வைத்துப் பார்ப்பின், வாயிலின் கடமை ஒருவர்பாற் பட்டதன்று, இருவரது உறவின்பாற் பட்டது என்பது தெளிவு. தலைவியின் தோழியேயாயினும், அவள் காப்பது தலைவியையன்று; இல்லறத்தை. இங்கேதான் வாயிலும் வழக்கறிஞரும் வேறுபடுகின்றனர். வழக்கறிஞரின் கடமை தம் கட்சிக்காரர்பாற் பட்டது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் இந்தியப் பார் கவுன்சில் வகுத்துள்ள நடத்தை விதிகள், கட்சிக்காரரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ அன்றிப் பிறர் கூறுவதைக் கொண்டு வழக்கறிஞர் செயற்படலாகாது என்கின்றன. தந்தையோ அண்ணனோ உடன் வந்து மணமுறிவு வேண்டும் என்று வற்புறுத்தினாலும், அப்பெண் வாய்திறந்து கூறாதவரை மனு எழுதலாகாது. மாணவி தம் முதற் சந்திப்பில் உறவினரை வெளியே அமரச் செய்துவிடுவது இதுபற்றியே. “கூட வந்தவர்கள் நாள் கிழமையோடு வரிசையாகச் சொல்லுவார்கள். அந்தப் பெண் வலித்த இடத்திலிருந்து தொடங்குவாள். அதுதான் எனக்கு வேண்டும்” என்றார்.

கட்சிக்காரர் என்னும் வழக்குச் சொல்பற்றி ஈண்டு ஒன்று கூறவேண்டும். கட்சி என்பதற்குப் பழைய நூல்களில் விலங்கும் பறவையும் சென்று தங்கும் இடம் என்னும் பொருளுண்டு. புறநானூற்றில் கட்சி காணாத கடமாவைக் காண்கின்றோம். பக்கம் என்னும் பொருளுடைய இக்காலச் சொல்லும் அதுவும் ஒன்றா, வேறா என்பது சொல்லாராய்ச்சியாளர் முடிவு செய்தற்குரியது. ஒன்றாயினும் வேறாயினும், குடும்ப வழக்கில் வருவோர்க்கு முற்பொருளே பொருந்துகின்றது.

இனி, கொடுமை என்னும் சொல்லை நோக்குவோம். மருதத் தலைவியும் தோழியும் தலைவனது புறத்தொழுக்கத்தைச் சுட்டும் சொல் அது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தைத் தமிழிற் கூறுவோரும் அச்சொல்லையே ஆள்கின்றனர். தொடக்கத்தில் நீதிமுறைப் பிரிவிற்கு மட்டும் காரணமாக இருந்த கொடுமை, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மணமுறிவிற்கும் காரணமாயிற்று. ஆயின், சொல் ஒன்றாயினும் அதனைக் கையாளும் முறை தலைகீழாக உள்ளது. வாயில் கொடுமையை விரித்தலாகாது; வழக்கறிஞரோ கொடுமையை விரிக்காவிடின் மனு நில்லாது. எந்நாள், எவ்விடம், யார்முன், எச்சொல் என வரையறுத்து எழுதுதல் வேண்டும். கட்சிக்காரர் எழுத விரும்பாததையும் கேட்டுப் பெறல் வேண்டும்.

கேட்டுப் பெறுதல் எளிதன்று. குறுந்தொகையின் 10-ஆம் பாட்டு இதற்குச் சான்று. ஓரம்போகியார் பாடியது, தோழி வாயில் நேர்ந்ததாக அமைந்தது. தலைவன் செய்த கொடுமையைத் தலைவி மறைத்துவிட்டாள். மறைத்தமையால் நாணத்தோடு வருகின்றாள் என்று தோழி கூறுகின்றாள். உழவர் வளைத்ததனால் காஞ்சியின் பூந்தாது அவர்மேற் படியும் ஊருக்கு உரியவன் தலைவன். வளைத்தவர்மேலும் பூந்தாதைச் சொரியும் காஞ்சியைத் தலைவிக்கு உவமையாகக் கொள்ளுதல் உரைவழக்கு, அது பொருத்தமே. என் கவனம் வேறிடத்தது. அக்கொடுமை யாது என்று பாட்டில் இல்லை. தோழி அறியாதவளல்லள். தலைவி மறைத்தாள் என்பதை மட்டும் வெளியிட்டு, மறைத்த பொருளை வெளியிடாது நிற்கின்றாள். கேட்கும் தலைவனுக்கோ எல்லாம் தெரியும். தெரிந்தவனிடம் தெரிந்ததைக் கூறாது, அவள் அதனைக் கூறவில்லை என்பதைக் கூறுதல் எத்துணைக் கூர்மையான முறை! கட்சிக்காரர் கூறிய மறையை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. அதன் இடத்தைப் பெற்றுள்ள 2023-ஆம் ஆண்டின் சட்டமும் அவ்வாறே விதிக்கின்றது. அவ்விதிக்குத் தோழி சிறிதும் மாறுபட்டாளல்லள். இப்பாட்டிற்குத் தலைவியின் கற்புச் சிறப்பே பொருள் என்று எழுதுவோர் உளர். தோழியின் சொற்சிறப்பையும் பொருளாகக் கொள்ளல் வேண்டும் என்பது என் துணிபு.

தோழி நிழல் அல்லள் என்பதற்கு இதனினும் வலிய சான்று ஐங்குறுநூற்றின் தொடக்கத்திலேயே உள்ளது. வேட்கைப்பத்தின் சூழலை ஆய்வாளர் அறிவர். நெடுநாள் புறத்தொழுக்கத்தில் நின்று, அது தகாது எனத் தெளிந்து மீண்ட தலைவன், ‘யான் அவ்வாறு ஒழுகியபோது நீங்கள் எண்ணியது யாது?’ எனத் தோழியை வினவுகின்றான். அவள் விடை பத்துப் பாட்டிலும் ஒரே அமைப்புடையது. தலைவி வேண்டியது ஒன்று, நாங்கள் வேண்டியது மற்றொன்று எனப் பிரித்துக் கூறுகின்றாள். தலைவி வேண்டியன எல்லாம் பொதுநலம்: நெல் பொலிக, வயல் விளைக, பசி நீங்குக, வேந்தன் பகை தணிக என்பன. தோழி வேண்டியனவோ வீட்டையும் வாயிலையும் சார்ந்தவை. ஊரனது மார்பு பலர்க்கும் உரிய பொதுநிலம் ஆகாதொழிக என்றும், அவன் தேர் எம் வாயிற்கண் நிற்க என்றும் அவள் வேண்டினாள்.

தலைவி தனக்கென ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்காகக் கேட்டவள் தோழி. ஆயினும், தான் கேட்டதைத் தலைவி கேட்டதாகத் தோழி ஓரிடத்தும் கூறவில்லை. ‘யாய்’, ‘யாம்’ என்னும் இரு சொற்களால் இருவர் விருப்பையும் வேலியிட்டுக் காக்கின்றாள். பார் கவுன்சில் விதிகளுள் ஒன்று, வழக்கறிஞர் தம்மைக் கட்சிக்காரரின் வெறும் வாயாகக் கருதலாகாது என்றும், மடல்களிலும் மனுக்களிலும் வாதத்திலும் அடக்கமான மொழியைத் தம் அறிவுகொண்டு ஆளல்வேண்டும் என்றும் கூறுகின்றது. இவ்விதியை மாணவி வாயிலாக அறிந்தபோது எனக்கு வேட்கைப்பத்தே நினைவிற்கு வந்தது. வாயில் வெறும் வாய் அன்று என்பது பழந்தமிழர் அறிந்ததே.

இதுகாறும் கூறியவை புலவர் படைத்த மாந்தர்பற்றியவை. உண்மையில் வாழ்ந்த ஒருத்திக்காக உண்மையில் வாழ்ந்த புலவர் பேசிய இடம் ஒன்று உண்டு. புறநானூற்றின் 143 முதல் 147 முடியவுள்ள ஐந்து பாடல்களே அவை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்திபாற் சென்றான். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவள் காரணமாக அவனைப் பாடினர். பரணர் பாடியன இரண்டு, ஏனையோர் ஒவ்வொன்று. நம் இலக்கியத்தில், கைவிடப்பட்ட மனைவிக்காகப் பிறர் சென்று வாதிட்ட வழக்கு எனத் தக்கது இதுவே. கேட்கும் நடுவனும் எதிர்க்கட்சியும் ஒருவனே என்பது இவ்வழக்கின் அருமை. பேகனுக்கு மேற்பட்ட மன்றம் இல்லை. ஆதலின் நால்வரும் சட்டத்தைச் சுட்ட இயலாது. அவன் நெஞ்சைத்தான் சுட்டல் வேண்டும்.

ஐந்து பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பின், ஒரு வளர்ச்சி புலனாகின்றது. கபிலர் குற்றம் சாட்டவில்லை. ‘யார் அவள்? இரங்கத்தக்கவள்’ என்று அறியாதார்போல வினவுகின்றார். நேற்று என் சுற்றம் பசித்தமையால், அருவி முரசென ஒலிக்கும் மலையில் உள்ள சிற்றூரில் ஒரு வாயிலில் நின்று உன்னையும் உன் மலையையும் பாடினேன். ஒருத்தி கண்ணீரை நிறுத்தமாட்டாதவளாய்க் குழல் அழுவதுபோல மிக அழுதாள் என்கின்றார். கண்டது கூறுதலே அவர் செய்தது. வேண்டுகோள் ஒன்றும் இல்லை. முதலில் மழையை வேண்டிப் பின்னர் அது மிகுந்தபோது நீங்குக என வேண்டும் குறவரை அவர் முன்னே வைத்ததற்குக் காரணம் உண்டு என எண்ணுகின்றேன். வேண்டியதைக் கடவுளிடம் கேட்டுப் பெற்று மகிழ்வோர் வாழும் மலைக்கு உரியவன்முன், கேட்க ஒருவரும் இன்றி அழுபவள் ஒருத்தி.

பரணரின் முதற்பாட்டு அருளாமை கொடிது என்று கண்டனத்தோடு தொடங்குகின்றது. அவரது இரண்டாம் பாட்டு ஏவலாக முடிகின்றது. மயில் குளிரால் நடுங்கும் என்று போர்வை அளித்தவனே என விளித்து, ‘பசியால் வந்தோமல்லோம், எமக்குச் சுமையான சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவாயாக, அதுவே யாம் இரக்கும் பரிசில்’ என்கின்றார். பேகனது புகழையே அவனுக்கு எதிர்ச்சான்றாக ஆக்கிவிட்டார். அரிசில்கிழார் பேரம் பேசுகின்றார்: உன் அணிகலமும் செல்வமும் வேண்டேம், எனக்குப் பரிசில் தர விரும்பினால், மயில் தோகை போன்ற அவள் கூந்தல் மீண்டும் புகையூட்டி மாலை சூட்டப்பெறுமாறு உன் குதிரைகள் தேரிற் பூட்டப்படுக. பரணர் தொடங்கிய மயிலை இவர் கூந்தலில் வைத்தது தற்செயலாக இருத்தல் கூடும்; ஆயின் அடுத்தடுத்துப் படிப்போர் போர்வை பெற்ற மயிலை மறத்தல் இயலாது. பெருங்குன்றூர்கிழார், எண்ணெயைத் துறந்த அக்கூந்தல் கழுவிப் பூச்சூடும்படி இன்று நீ செல்லின் அதுவே எம் பரிசில் என்று நிபந்தனையாக முடிக்கின்றார். வினா, கண்டனம், ஏவல், பேரம், நிபந்தனை என இவை தொடர்ந்து நிற்கின்றன. இவ்வாறு வரிசைப்படுத்தியவர் தொகுத்தவரே. ஆயினும் அவ்வரிசை ஒரு வழக்கின் போக்கை ஒத்துள்ளது.

ஊதியம்பற்றிய ஒரு நுட்பமும் இங்குண்டு. புலவர்க்குப் பரிசிலே வாழ்வு. அதனையே விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மற்றொருத்தியின் நலத்தை வேண்டுகின்றனர். வழக்கின் முடிவைப் பொறுத்து ஊதியம் பேசலாகாது என்பது இன்றைய வழக்கறிஞர்க்கு விதி. வழக்கில் தமக்கே ஒரு பங்கு உண்டாகுமாயின் அறிவுரை கோணும் என்பதே அதன் காரணம். நால்வரும் முடிவையே ஊதியமாகக் கேட்டவர்; ஆயினும் அவ்வூதியம் அவர்க்குப் பயன்படுவதன்று. அதனாலேயே அவர் சொல் பேகன்முன் நின்றது.

இனிக் கூறப்போவது சிலர்க்கு உடன்பாடாகாது. நால்வரையும் போற்றியே நாம் எழுதிவந்துள்ளோம். போற்றத்தக்கவரே. ஆயின், கண்ணகி யாது வேண்டினாள் என்று அவருள் வினவியவர் யார்? ஐந்து பாட்டுள் அவள் வாய் திறப்பது ஒன்றே ஒன்றில். பரணரின் முதற்பாட்டில் அவர் அவளைத் தொழுது, ‘நீ எம் தலைவனுக்கு உறவோ?’ என வினவுகின்றார். அவள் காந்தள் மொட்டுப் போன்ற விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ‘யாம் அவன் உறவினர் அல்லேம்’ என்று விடை கூறுகின்றாள். பின்னர், எம்மைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, முல்லை வேலியுடைய ஊர்க்குப் பேகன் ஒலிக்கும் தேரோடு நாள்தோறும் வருவான் என்பர் என்று முடிக்கின்றாள். வேறொரு சொல்லும் அவளிடமிருந்து இல்லை. மீண்டும் அவனை அழைத்து வாருங்கள் என அவள் கூறவில்லை.

இப்பாட்டை மாணவிக்குப் படித்துக் காட்டினேன். அவர் முதலிற் கண்டது நான் ஒருபோதும் காணாத ஒன்று. “அவள் ‘என்ப’ என்கிறாள் ஐயா. தான் பார்த்ததாகச் சொல்லவில்லை; ஊரார் சொன்னதாகச் சொல்கிறாள். இவ்வளவு துயரத்திலும் கண்டதையும் கேட்டதையும் கலக்கவில்லை. என் கட்சிக்காரர்களில் பத்தில் ஒருவர்கூட இப்படி இல்லை” என்றார். பின்னர்ச் சற்று நேரம் கழித்து, “உறவினர் அல்லேம் என்பதை இவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?” என்று வினவினார்.

எப்படி எடுத்துக்கொண்டனர்? ஊடலாக எடுத்துக்கொண்டனர். அன்பு நீங்கிய சொல் தோன்றினும் அது கேட்போன் பொருட்டே என்னும் தொல்காப்பிய விதி அவர் நெஞ்சில் ஊறியது. ஆதலின் அவள் மறுப்பை அழைப்பாகக் கேட்டு, தேரைப் பூட்டுக என்றனர். பெருந்திணையில் குறுங்கலி என்று இப்பாடல்களுக்குத் துறை வகுத்தோரும் அவ்வழியே சென்றனர். வேறொருத்திமேற் சென்ற வேட்கை கெடுமாறு கூறுதலே குறுங்கலியின் இலக்கணம். அவ்விலக்கணம் கணவன்பால் நிகழவேண்டிய மாற்றத்தைக் கூறுகின்றது. மனைவியின் விருப்பத்தைக் கூறவில்லை. அவள் துயரம் வழக்கின் காரணம். வழக்கின் பொருள் அவன் மனமாற்றம்.

புலவர் பிழைபட்டனர் என்பது என் கருத்தன்று. அவன் பெயரைப் பாடக் கேட்ட அளவில் அவள் கண்ணீர் நில்லாமை, அன்பு உள்ளமைக்குக் கபிலர் காட்டிய சான்று, வலிய சான்றே. அவ்விருவர் வாழ்ந்த காலத்தில் தேர் திரும்புதலன்றி அவளுக்கு வேறு தீர்வும் இல்லை. வாயில் மறுத்தல் என்னும் துறை உண்டு. மறுத்த பின்னர் அவள் செல்லும் இடம் எது என்பதற்குத் துறை இல்லை. மறுப்பும் நேர்தலுக்கு முற்படியாகவே நிற்கின்றது. எல்லா வாயிலும் இருவர் மகிழ்ச்சிக்கே என்னும் விதி பெரும்பான்மை இல்லறத்திற்கு நல்விதி. ஆனால், திரும்பிச் செல்ல விரும்பாத ஒருத்தி, திரும்பிச் சென்றால் தீங்குறும் ஒருத்தி, அவ்விதியுள் இடம்பெறுவதில்லை. பழமையைப் போற்றும் ஆர்வத்தால், வாயில்முறை நீதிமன்றத்தினும் சிறந்தது என எழுதுவோர் இதனை எண்ணல்வேண்டும்.

மறுபுறம், நீதிமன்றமும் இவ்விதியை அடியோடு கைவிடவில்லை. இந்து திருமணச் சட்டம், இயலுமிடத்துக் கணவன் மனைவியை ஒன்றுசேர்க்க முயலுதலை நீதிமன்றத்தின் முதற்கடமையாக வைத்தது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, வழக்கறிஞரைக்கொண்டு வாதிடுதல் கட்சிகளுக்கு உரிமையன்று என்றே கூறிற்று. நடைமுறையில் நீதிமன்றங்கள் இசைவு தருகின்றன. ஆயினும் சட்டம் இயற்றியோர் நெஞ்சில், பக்கம் சார்ந்து பேசுவோர் புண்ணைப் பெரிதாக்குவர் என்னும் ஐயம் இருந்தது தெளிவு. பாணனைப் பழித்த தோழியின் ஐயமும் இதுவே. இருவரும் இசைந்து மணமுறிவு பெறும் வழி 1976-இல் வகுக்கப்பட்டபோது, மனு அளித்த பின்னரும் ஆறு திங்கள் காத்திருத்தல் வேண்டும் என வைத்தனர். ‘உறவினர் அல்லேம்’ என்ற சொல் ஊடலா, முடிவா என அறிதற்கு அளித்த காலம் அது. 2017-இல் உச்ச நீதிமன்றம், தக்க வழக்குகளில் அக்காலத்தைத் தளர்த்தலாம் எனத் தீர்ப்பளித்தது. சேர்தற்கு வழியே இல்லாதார்க்குக் காத்திருத்தல் துன்பத்தை நீட்டித்தலே ஆகும் என்பது அதன் கருத்து.

ஆறு திங்களில் சட்டம் அறிய முயல்வதை, வழக்கறிஞர் தம் அறையில் ஒரு பிற்பகலில் அறிதல் வேண்டும். எவ்வாறு அறிகின்றீர் என மாணவியை வினவினேன். விதி ஒன்றும் அவர் கூறவில்லை. முதல் நாள் கூறியதை எழுதி வைப்பதாகவும், ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி, அதனை அவர்க்கே படித்துக் காட்டுவதாகவும் கூறினார். சிலர் கேட்டுவிட்டு, இதனை நான் கூறவில்லை என்பர். சிலர் அழுவர். சிலர் ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்லுவர். பெரும்பாலும் கணவனைக் குறித்த கடுஞ்சொல் ஒன்றை. அம்மாற்றத்தினின்று தமக்குப் பல புலப்படும் என்றார். இடையில் நள்ளிரவிலும் தொலைபேசியில் அழைப்போர் உளர் என்றும், வழக்கிற்கு வேண்டிய செய்தியை மட்டும் பகலிற் கூறுக என முதல் நாளே வரம்பிடத் தவறியதனால் தாம் தொடக்கத்திற் பட்ட துன்பம் பெரிது என்றும் கூறினார். தலைவியோடு உறங்கித் தலைவியோடு விழிக்கும் தோழிக்கு இவ்வரம்பு வேண்டாதது. நாற்பது தலைவியர்க்கு ஒரு தோழியாயின் வேண்டும்.

பரணரும் ஒன்று செய்துள்ளார் என்பதை அதன்பின்னரே கண்டேன். அவள் சொன்னதை அவர் தம் சொல்லாக மாற்றவில்லை. ‘உறவினர் அல்லேம்’ என்பதைப் பேகன்முன் அப்படியே வைக்கின்றார். அதற்குமேல் உரை கூறாது பாட்டை அவள் சொல்லோடேயே முடித்துவிடுகின்றார். தம் வேண்டுகோளை மற்றொரு பாட்டில் தனியே வைத்தார். வேட்கைப்பத்தின் தோழி ஒரே பாட்டுள் இட்ட வேலியை, பரணர் இரு பாட்டிற்கு இடையே இட்டார். இவ்விரு பாட்டையும் ஒன்றன் விரிவு மற்றொன்று எனக் கொண்டு, பிற்பாட்டின் வேண்டுகோளை முற்பாட்டிலும் ஏற்றிப் பொருள் கூறுதல் இதனால் பொருந்தாது. முற்பாட்டு அவள் வாக்குமூலம். பிற்பாட்டு அவர் வாதம்.

இதே பெயருடைய மற்றொருத்தி, சிலப்பதிகாரத்தில், வாயிலும் தோழியும் இன்றித் தானே அரசன் அவையிற் சென்று வழக்குரைத்தாள். அவள் வழக்குக் கணவனுக்காக. கணவனுக்கு எதிராக அன்று. எதிராகப் பேசவேண்டிய கண்ணகிக்குப் பிறர் வாய் வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு தனியே ஆராய்தற்குரியது.

பேகன் தேரேறினானா என்பதைப் புறநானூறு கூறவில்லை. ஐந்து பாட்டினுள்ளும் அவள் பெயரும் இல்லை. அரிவை என்றும், துயரோடு உறைபவள் என்றுமே சுட்டப்படுகின்றாள். கண்ணகி என்னும் பெயரைப் பாட்டின் கீழுள்ள குறிப்பே நமக்குத் தருகின்றது.